குரல்கள் வீடு மாறிய கொடை

தங்கப்பழத்துக்கு முதன்முதலில் அநியாயம் செய்தவர் பரமார்த்தலிங்கம். அதற்குப் பிறகு செய்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டவர்கள்தாம். ஆகையால் கதையை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும், நோயிலிருந்து அல்ல. நோய் இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்தது, வந்த மாதிரியே போயும் விட்டது. பரமார்த்தலிங்கம் அப்படிப் போகிற ஆளா?

கொம்பையார்பேரியில் சித்திரை மாதக் கடைசிச் செவ்வாய் முப்பிடாதி அம்மனுக்குக் கொடைத் திருவிழா. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்திய கொடையில், மதியப் பூசை நேரம், நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போய், சாமியாடிக்கு அருள் வந்து, ஊருக்கு வாக்குச் சொல்ல அவர் வாயைத் திறந்த அந்த நொடி பார்த்து, தங்கப்பழம் கட்டிய ஒலிபெருக்கி, ஊர்ப் பேச்சில் ரேடியோ செட்டு, கொய்ங்ங் என்று ஒரு கூச்சல் போட்டது. ஊரே காதைப் பொத்தியது. அருள் மலையேறிவிட்டது. சாமியாடி வேட்டியைச் சரிசெய்துகொண்டு தண்ணீர் கேட்டார். கொடைக் கமிட்டித் தலைவரும், தங்கப்பழத்தின் மனைவி ராஜகனிக்கு உடன்பிறந்த அண்ணனுமான பரமார்த்தலிங்கம் எழுந்து வந்து, மைக்கைப் பிடுங்கி, "இது ரேடியோ செட்டா, ஓட்டைத் தவலை! இவனுக்கு எங்க வீட்டுப் பொண்ணைக் கொடுத்ததே நாங்க செஞ்ச தப்பு" என்றார்.

அநியாயத்திலும் அநியாயம் என்னவென்றால், அதைச் சொல்லும்போது செட்டு ஒழுங்காக வேலை செய்தது. ஒரு கரகரப்பு இல்லை, ஓர் இழுப்பு இல்லை. தங்கப்பழம் தன் கையால் பனை உச்சியில் ஏறிக் கட்டிய எட்டுக் கூம்புக் குழாய்களும் எட்டுத் திசைக்கும் அந்தச் சொல்லைக் கணீரென்று கொண்டுபோய்ச் சேர்த்தன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார்கள்.

கொம்பையார்பேரியில் இதற்கு ஒரு வழி இருந்தது. முப்பிடாதி அம்மன் கண்ணை மூடியே இருப்பவள். அவளுக்கு முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அவள் முன்னால் சொன்ன கெட்ட சொல் தரையில் விழாது, பந்தல் கூரையில் தொங்கிக்கொண்டே இருக்கும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு கொடையிலும் பூசை முடிந்து மஞ்சள் குழைத்த மஞ்சணைப் பிரசாதம் கொடுப்பதற்கு முன்னால், முந்திய கொடைகளில் வாய் தவறியவர்கள் அதே இடத்தில் வந்து நின்று, அதே அளவு ஊர் கேட்க, "சொன்னேன், எடுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். இதற்குச் சொல்லெடுப்பு என்று பேர். விதி ஒன்றே ஒன்று: எந்தக் குரல் சொன்னதோ அந்தக் குரலே எடுக்க வேண்டும். ஆள் அனுப்ப முடியாது, எழுதிக் கொடுக்க முடியாது.

பரமார்த்தலிங்கம் எடுக்கவில்லை. தங்கப்பழம் வருஷா வருஷம் மைக்கைத் துண்டால் துடைத்து, உயரத்தை அவர் வாய்க்குத் தக்கபடி அளந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அவர் வருவார், மஞ்சணையை நெற்றியில் பூசுவார், போய்விடுவார். ஒரு வருஷம் இருமினார், அவ்வளவுதான். இன்னொரு வருஷம் மைக்குக்கு நேராக வந்து நின்று, ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, "கரண்டு ஒழுங்கா வருதா மாப்பிள?" என்று கேட்டுவிட்டுப் போனார். தங்கப்பழம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கிருந்து நீ ஒங்க அண்ணன் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று ராஜகனியிடம் சொன்னது அந்தச் சொல்லைச் சொன்ன கொடை முடிந்த அன்றைக்கே. ராஜகனி, "சரி" என்றாள். அவள் எதற்கும் சரி என்றுதான் சொல்வாள்.

இப்படி இருக்கையில், இருபத்திரண்டாவது வருஷ மாசிக் கடைசியில், மினிபஸ் கண்டக்டர் அருமைநாயகத்துக்கு ஒன்றரை நாள் காய்ச்சல் அடித்து, மூன்று தும்மல் வந்து, நான்காவதாக வாயைத் திறந்தபோது அவருடைய தொண்டையிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. நல்ல குரல். எந்த ஊர்க்காரியோ, கொஞ்சம் மூக்கால் பேசுகிறவள். அவர் அந்தக் குரலிலேயே விசில் ஊதாமல் "போலாம் ரைட்" சொல்லி வண்டியை விட்டார், டிரைவரும் எடுத்தார், வேறு என்ன செய்வது, ஏழு இருபது வண்டி ஏழு இருபதுக்குப் போயாக வேண்டும் அல்லவா? அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அந்த வண்டியில் போய்வந்த பதினேழு பேருக்குக் காய்ச்சல் அடித்து, பதினேழு பேரும் அருமைநாயகத்தின் குரலில் பேசினார்கள். ரெட்டைச் சடை போட்ட டைப்ரைட்டிங் வகுப்புப் பிள்ளைகள், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு" என்கிற அந்தக் கட்டைக் குரலில் அம்மாவிடம் காப்பி கேட்டார்கள்.

அப்போதுதான் ஊருக்கு நோயின் ஒழுங்கு பிடிபட்டது. யாரிடமிருந்து ஒட்டியதோ, அவருடைய பிறவிக் குரல் ஒட்டியவருக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒட்டியவருடைய சொந்தக் குரல் எங்கேயோ போயிருக்கும். நாற்பத்தெட்டு நாள் கழித்துத் தானாகத் திரும்பி வரும். வலி கிடையாது, சாவு கிடையாது, மருந்தும் கிடையாது. சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெபசெல்வி தடித்த நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தாள். மற்ற நோய் என்றால் எங்கே போனீர்கள், யாரைத் தொட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று நூறு கேள்வி கேட்க வேண்டும், நூற்றுக்கும் பொய் வரும். இதற்கு அவள் வாசலில் நின்று, "ஒரு வார்த்தை பேசுங்க" என்றால் போதும்.

போதும் என்பதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. முப்பது வருஷமாகச் சுத்த சைவம் என்று சொல்லிக்கொண்டு மற்றவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத ஓய்வுபெற்ற வாத்தியார், ஆட்டுக்கறிக்கடைக்காரருடைய குரலில், "நான் அந்தப் பக்கமே போறதில்லையே" என்றார். மூட்டுவலி, மூன்று வருஷமாக வீட்டை விட்டு இறங்கவில்லை என்று சாதித்த மளிகைக்கடைக்காரர் மனைவி, டவுன் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவருடைய குரலில் முனகினாள். கிணற்றுத் தண்ணீருக்காகப் பன்னிரண்டு வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு வீட்டுக் கிழவிகள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படுத்து எழுந்தார்கள்; முதலில் படுத்தவளுடைய குரல் மற்றவளுக்கு வந்து உட்கார்ந்திருந்தது. தினமும் மத்தியானம் மதில் பொந்து வழியாக வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது.

எல்லாமே சிரிப்பாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. கீழத்தெருவில் ஒருத்தருக்கு மனைவியிடமிருந்து ஒட்டியது; ஒட்டிய ஒன்பதாம் நாள் அவள் பழைய நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாள். அவர் மீதி நாளெல்லாம் முற்றத்தில் உட்கார்ந்து, அவள் குரலில் தன்னைத்தானே சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசி மூன்று நாள், தீர்ந்துவிடும் என்று பயந்து, பேசாமல் வாயைப் பொத்தியபடி இருந்தார். அந்தத் தெருவில் அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபசெல்வியும் நோட்டைத் திறக்கவில்லை.

மற்றபடி ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒட்டாமல் இருக்க வாயை மூடு, துண்டைக் கட்டு, பேச்சையே நிறுத்து, ஒட்டியிருந்தாலும் நாற்பத்தெட்டு நாள் ஊமையாக இரு என்றவர்கள் மூடுங்காரர்கள். வந்தது வரட்டும், சாகவா போகிறோம், வாய் இருப்பது பேசத்தானே என்றவர்கள் திறங்காரர்கள். மூடுங்காரர்கள் எல்லாரும் மானத்துக்குப் பயந்தவர்கள் என்று திறங்காரர்கள் சொன்னார்கள். திறங்காரர்களுக்கு மானமே கிடையாது என்று மூடுங்காரர்கள் சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள். ஸ்டேஷனரிக் கடையில் சிலேட்டு தீர்ந்துபோனது. டீக்கடையில் ஒரு விரலைக் காட்டினால் டீ, இரண்டு விரலைக் காட்டினால் காப்பி, விரலைச் சுழற்றினால் சர்க்கரை இல்லாமல். திறங்காரர்கள் வேண்டுமென்றே கடை வாசலில் நின்று, யார் யார் குரலிலோ, உரக்க உரக்க, இரண்டு வடை கேட்டார்கள். ஒரே குடும்பத்தில் மாமியார் மூடுங்காரி, மருமகள் திறங்காரி என்றால் அந்த வீட்டுச் சண்டையைப் பார்க்கத் தெருவே வந்தது. ஒருத்தி எழுதி முடிப்பதற்குள் மற்றவள் ஒன்பது பதில் சொல்லியிருப்பாள்.

தங்கப்பழம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவருக்கு ஒரே ஒரு கவலைதான். நோயைக் காட்டிக் கொடையை நிறுத்திவிடுவார்களோ? பரமார்த்தலிங்கத்துக்கு வயது எழுபத்தெட்டு. ஒரு கொடை தவறினால் அடுத்ததற்கு ஆள் இருப்பாரோ மாட்டாரோ! அந்தச் சொல்லைக் கூரையில் தொங்கவிட்டுவிட்டு அவர் பாட்டுக்குக் கண்ணை மூடிவிட்டால், தங்கப்பழம் யாரிடம் போய் மைக்கை நீட்டுவார்?

சித்திரை பிறந்து இரண்டாவது வாரம், காலையில், தங்கப்பழம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பழைய குழாய் ஒன்றுக்கு வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ராஜகனிக்கு இரண்டு நாளாக மேல் சுட்டது. மூன்று தும்மல் கேட்டது. பிறகு அடுப்படியிலிருந்து பரமார்த்தலிங்கத்தின் குரல், சந்தேகமே இல்லாமல் அதே குரல், இருபத்திரண்டு வருஷமாகக் காதுக்குள் குடியிருக்கிற அதே குரல், "ஏங்க, இட்லி வைக்கட்டுமா?" என்று கேட்டது.

தங்கப்பழம் பற்றவைக்கிற சூட்டுக்கோலோடு எழுந்தார். "எப்படிவே உள்ள வந்தீரு?" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். அங்கே ராஜகனி மட்டும்தான் இட்லித் துணியை உரித்துக்கொண்டு நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன பயன்?

"எத்தனை வருசமாப் போற?" என்றார்.

"நீங்க போகக் கூடாதுன்னு சொன்ன மறுநாள்ல இருந்து" என்றது பரமார்த்தலிங்கத்தின் குரல், ராஜகனியின் பணிவோடு.

"என்னத்துக்கு?"

"மைனி செத்த பெறகு அண்ணன் தானாப் பொங்கித் திங்கிது. உப்புக்கும் புளிக்கும் அளவு தெரியாது. கொழம்பு கொண்டு குடுக்கத்தான்."

தங்கப்பழம் சூட்டுக்கோலைக் கீழே வைத்தார். "அப்பம் நம்ம வீட்டு மீன் கொழம்புல எனக்கு எப்பவும் ஒரு துண்டு கொறைஞ்சது..."

"ஆமா."

"இருவத்திரெண்டு வருசமா?"

"வெள்ளிக்கெழமை கிடையாது. வெள்ளிக்கெழமை சாம்பார்."

அவர் பழைய குறையோடு இந்தக் குறையையும் சேர்த்துக்கொண்டார். ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்த வீட்டில் அதற்குப் பிறகு வந்த நாள்கள் அவர் வாழ்வில் மிகவும் சந்தோஷமான நாள்கள். விடிந்தால் பரமார்த்தலிங்கத்தின் குரல் அவரைக் காப்பி குடிக்க எழுப்பியது. பரமார்த்தலிங்கத்தின் குரல் இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா என்று கெஞ்சியது. பரமார்த்தலிங்கத்தின் குரல் வெந்நீர் விளாவி வைத்திருப்பதாக அறிவித்தது. தங்கப்பழம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "என்ன? காதுல விழலை, இன்னொரு தடவை சொல்லு" என்பார். வாய்க்காலுக்குப் போகிறவர்கள் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டு, துண்டுக்குள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"ஏட்டி, ஒரே ஒரு தடவை, 'சொன்னேன், எடுத்துக்கிட்டேன்'னு சொல்லேன். சும்மா. அடுப்படியிலதானே?"

"மாட்டேன்" என்றது அந்தக் குரல். அவள் சரி என்று சொல்லாமல் இருந்ததை அன்றுதான் அவர் முதல் தடவையாகக் கேட்டார்.

கொடைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ரேஷன் கடை முன்னால் இருக்கும் கோயில் திடலில் ஊர்க்கூட்டம் கூடியது. ஆளுக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டு, வட்டத்துக்குள்ளேயே உட்கார வேண்டும் என்று ஜெபசெல்வி சொல்லியிருந்தாள். கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்று எழுத வந்த எழுத்தர் முதல் பத்து நிமிஷத்திலேயே பேனாவை மூடிவிட்டார். வாத்தியார் கறிக்கடைக் குரலில் கொடை வேண்டாம் என்றார், கறிக்கடைக்காரர் தன் மாமியாரின் குரலில் எழுந்து, "என் குரல வச்சுக்கிட்டு எனக்கு எதிராப் பேசுதேரே, நியாயமா?" என்றார். பதினேழு பேர் கண்டக்டர் குரலில் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதில் பாதி கொடை வேண்டும், பாதி வேண்டாம். உண்மையான கண்டக்டருக்கு அன்று காலையில்தான் சொந்தக் குரல் திரும்பியிருந்தது. அவர் பேசியபோது, நீர் யாருய்யா புதிதாக என்று கேட்டார்கள்.

தலைவர் நாற்காலியில் பரமார்த்தலிங்கம் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு நாளாக மௌன விரதம் என்று சொல்லியிருந்தார். அவர் சிலேட்டில், "கொடை வேண்டாம். ஊர் நலன் முக்கியம்" என்று எழுதித் தூக்கிக் காட்டினார்.

தங்கப்பழம் வட்டத்துக்குள் எழுந்து நின்றார். "ஊர் நலனா, சொல்லெடுக்கப் பயமா? வாயத் தொறந்து சொல்லும் அத்தான்."

"அண்ணன் தொறக்காது" என்றது பரமார்த்தலிங்கத்தின் குரல், பெண்கள் பக்கத்திலிருந்து. திடல் முழுவதும் தலையைத் திருப்பியது. ராஜகனி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள், "தொறந்தா தெரிஞ்சிரும்."

பரமார்த்தலிங்கம் சிலேட்டை வீசி எறிந்தார். "ஏட்டி ராஜகனி, வாய மூடு!" என்று உறுமினார். உறுமியது ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்றின் குரல். பால்பல் விழுந்த குரல்.

"மேலத்தெரு யாழினி, யூகேஜி" என்று ஜெபசெல்வி நோட்டில் எழுதினாள்.

பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடினாலே கம்பை எடுத்துக்கொண்டு துரத்துகிற மனிதர், மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு யாழினியோடு பல்லாங்குழி ஆடி, தோற்றதற்கு முறுக்கும் கொடுத்துவந்தார் என்பது அப்படித் தெரிந்தது. திடல் சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் வட்டத்தை விட்டு வெளியே விழுந்தார்கள். வட்டம், வட்டம் என்று ஜெபசெல்வி தட்டிக்கொண்டே ஓடினாள். பரமார்த்தலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை; அவர் அழப்போகிறார் என்று நினைத்தார்கள், அந்தக் குரலுக்கு அது பொருத்தமாகவும் இருந்திருக்கும்; ஆனால் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, யாழினியின் குரலில், "சரி. கொடை நடக்கட்டும். எப்படி நடத்துவிய? ஆயிரம் பேர் கூடினா ஆயிரம் கொரலும் கலைஞ்சு போகும். யாரு பொறுப்பு?" என்று கேட்டார். கேள்வி நல்ல கேள்விதான். மூடுங்காரர்களும் திறங்காரர்களும் ஒன்றாக அடங்கினார்கள்.

"நான் பொறுப்பு" என்றார் தங்கப்பழம். "யாரும் வர வேண்டாம். எல்லாரும் அவங்கவங்க வீட்டுல இருங்க. கொடைய நான் வீட்டுக்குக் கொண்டு வாரேன்."

பிறகு பதினைந்து நாள் தங்கப்பழம் தரையில் நிற்கவில்லை. பனை, வேம்பு, தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் என்று ஏறினார். அறுபத்தேழு வயதில், இடுப்பில் கயிறும் பல்லில் வயருமாக, முப்பத்தொரு குழாய் கட்டினார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்கும் மூன்று குழாயைத் திருப்பி வைத்தார். அந்தச் சொல் எவ்வளவு தூரம் போனதோ, எடுப்பும் அவ்வளவு தூரம் போக வேண்டும். கடைசி இரண்டு நாள் அவருக்கு மேல் சுட்டது. வெயில் என்று சொல்லிவிட்டார்.

கொடையன்று திடலில் அம்மன், பூசாரி, ஒரு மேளம், சாமியாடி, கமிட்டித் தலைவர், ராஜகனி, தங்கப்பழம். ராஜகனி எதற்கு என்று ஜெபசெல்வி கேட்டதற்கு, செட்டுக்கு ஆள் வேண்டும் என்று தங்கப்பழம் சொல்லியிருந்தார். ஊர் முழுவதும் மொட்டை மாடியிலும் முற்றத்திலும் குழாயைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. தங்கப்பழம் மூன்று தும்மல் தும்மினார். மைக்கைப் பிடித்து, இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிற மாதிரியே, "பெரியோர்களே, தாய்மார்களே" என்றார். முப்பத்தொரு குழாயிலும் ராஜகனியின் குரல் வந்தது.

பிறகு எங்கேயோ ஒரு வீட்டில் குலவை கிளம்பியது. அது அடுத்த வீட்டுக்குப் போனது, அடுத்த தெருவுக்குப் போனது. பெண் குரல் வாய்த்திருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும், லாரி டிரைவர், கொத்தனார், சைவ வாத்தியாருடைய பெரிய மகன், பிறந்ததிலிருந்து குலவை போட்டறியாத அத்தனை மீசையும், நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள். கண்டக்டர் குரலில் நின்ற பிள்ளைகள், "போலாம் ரைட்" என்று கூவினார்கள். மேளக்காரருக்குக் கை நிற்கவில்லை. சாமியாடிக்கு அருள் வந்தது. வந்த அருள், சாமியாடிக்கு அப்போது வாய்த்திருந்த டீக்கடைக்காரர் குரலில், இந்த வருஷம் மழை உண்டு என்று சொல்லிற்று. செட்டு கூச்சல் போடவில்லை. மழை உண்டாம், டீக்கடைக்காரரே சொல்லிவிட்டார் என்று மாடிக்கு மாடி சந்தோஷப்பட்டார்கள்.

பூசை முடிந்தது. சொல்லெடுப்பு.

தங்கப்பழம் மைக்கைத் துடைத்து உயரத்தை அளந்து வைத்தார். பரமார்த்தலிங்கம் வந்தார். நேராக நின்றார். யாழினியின் குரலில், முப்பத்தொரு குழாயிலும், "எந்தக் கொரல் சொல்லிச்சோ அந்தக் கொரல்தான் எடுக்கணும். அது விதி. என் கொரல் எங்கிட்ட இல்லை. என் தங்கச்சிகிட்ட இருக்கு. அவ எடுக்கட்டும், அத்தோட முடிஞ்சிது" என்றார். சொல்லிவிட்டு, ஜெயித்த பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்றார்.

ஊர் சரி என்றது. மாடிக்கு மாடி சரி என்றார்கள், மூடுங்காரர்கள்கூட சிலேட்டில் சரி என்று எழுதித் தூக்கினார்கள். அம்மனுக்கு முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அதில் என்ன பிழை? ஆள் நழுவுகிறார் என்று தங்கப்பழத்துக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவர் கை, பாழாய்ப்போன கை, மைக்கின் உயரத்தை ராஜகனியின் வாய்க்குத் தக்கபடி இறக்கியது. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த காது அவருக்கு. அந்தக் குரல் எந்த வாயிலிருந்து வந்தால் என்ன என்று அதற்கு ஆகிவிட்டது.

ராஜகனி வந்து நின்றாள்.

"இருவத்திரெண்டு வருசம் முன்னால இந்தக் கொரல் இங்க நின்னு சொல்லிச்சு" என்றாள், அதே குரலில், அதே கணீரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரைக்கும். "என்னை இவியளுக்குக் கொடுத்தது தப்புன்னு சொல்லிச்சு. அன்னைலருந்து ஒருத்தர் எடுக்க மாட்டேன்னு நிக்காரு. ஒருத்தர் எடுத்தே தீரணும்னு நிக்காரு. தப்பா இல்லையான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலை. எங்கிட்டக் கேக்காம சொன்ன சொல்ல நான் எதுக்கு எடுக்கணும்?"

முப்பத்தொரு குழாயும் அதைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தன. பரமார்த்தலிங்கம் தரையைப் பார்த்தார். தங்கப்பழம் அறிவிப்பு மைக்கை எடுத்தார், வைத்தார், எடுத்தார்.

"சரி, கேக்கேன்" என்றார். "தப்பா?"

ராஜகனியின் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. பரமார்த்தலிங்கத்தின் குரல் ஊர் முழுக்கப் பதில் சொன்னது:

"என் கொரல மொதல்ல எங்கிட்டக் குடுங்க. பொறவு சொல்லுதேன்."

அப்புறம் எழுந்த குலவையைப் பற்றி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். பூசாரி மஞ்சணையை எடுத்து மேளக்காரர்மேல் வீசினார், மேளக்காரர் சாமியாடிமேல் வீசினார். மாடியில் நின்றவர்கள் தங்கள் வீட்டு மஞ்சள் தூளை எடுத்துத் தெருவில் கொட்டினார்கள். யாரும் வீட்டை விட்டு இறங்கவில்லை, யாருக்கும் அன்று ஒட்டவில்லை என்று ஜெபசெல்வி பிற்பாடு நோட்டைப் பார்த்துச் சொன்னாள். சொல் மட்டும் கூரையிலேயே இருந்தது.

வைகாசி கடைசியில் குரல்கள் வீடு திரும்பின. ராஜகனிக்கு, கோழிக்கு இரை போடும்போது, "பா" என்று அண்ணன் குரலில் தொடங்கி, "பா, பா" என்று தன் குரலில் முடிந்தது. தங்கப்பழத்துக்கு இன்னும் பதினேழு நாள் பாக்கி இருந்தது. அந்தப் பதினேழு நாளும் அந்த வீட்டில் இரண்டு ராஜகனிகள் பேசினார்கள். ஒரு காலை, அடுப்படியில், ஒரு ராஜகனி மெதுவாக இன்னொரு ராஜகனியிடம் சொன்னாள்:

"தப்பு இல்லை."

"மைக்ல சொல்லேன்" என்றாள் மற்றவள்.

"மாட்டேன். ஒங்களுக்கு மட்டும்தான்."

தங்கப்பழம் மூன்று நாள் தரையில் கால் பாவாமல் நடந்தார். நான்காம் நாள், விதிப்படி இது சேராது, ஊர் கேட்கவில்லை, சொன்ன குரலும் இது இல்லை என்பது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து மீன் குழம்பில் அவருக்கு ஒரு துண்டு குறைவதைக் கண்ணெதிரேயே பார்க்க வேண்டியதாயிற்று. ராஜகனி அண்ணன் வீட்டுக்குத் தூக்குச்சட்டியை இப்போது ஒளிக்காமல் எடுத்துப் போனாள்.

அடுத்த சித்திரையில் கொடைக்கு ஊர் முழுவதும் திடலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. சுண்ணாம்பு வட்டங்களை யாரும் தேடவில்லை. முப்பத்தொரு குழாயையும் தங்கப்பழம் அவிழ்க்கவே இல்லை. மதியப் பூசை முடிந்தது. பரமார்த்தலிங்கம், எழுபத்தொன்பது வயது, சொந்தக் குரல், மைக்குக்கு நேராக வந்து நின்று தொண்டையைச் செருமினார். மேளம் நின்றது. பிள்ளைகள் வாயில் போட்ட பொரியை மெல்லாமல் வைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் யாழினி, விழுந்த பல் முளைத்திருந்தது, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள" என்றார்.

"சொல்லுங்க அத்தான்."

"இந்தச் சவுண்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்குமா?"

"கேக்கும்."

"நல்லாக் கேக்குமா?"

"கணீர்னு கேக்கும் அத்தான்."

பரமார்த்தலிங்கம் பந்தல் கூரையை அண்ணாந்து பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு, மஞ்சணையை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு, தங்கையிடம் இருந்து தூக்குச்சட்டியையும் வாங்கிக்கொண்டு போனார்.

தங்கப்பழம் ராஜகனியைப் பார்த்தார். "எடுத்தாரா?"

"எடுக்கலை."

"நல்லாப் பாத்தியா?"

"வாயத் தொறந்தாவ. எடுக்கலை."

"அதானே" என்றார் தங்கப்பழம். மைக்கைத் துண்டால் துடைத்து, உயரத்தை அப்படியே இருக்க விட்டு, அடுத்த கொடைக்கு இன்னும் ரெண்டு குழாய் எந்தப் பனையில் கட்டலாம் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.